தண்ணித்தொட்டி வீதிக்கு வந்த சத்திரக்காரி

எங்கள் வீட்டு அலமாரியில், குலதெய்வத்தின் படத்துக்குப் பக்கத்தில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டி இருக்கிறது, அதில் சொருகி விளையாடுகிற மஞ்சள் கேசட் ஒன்றும் இருக்கிறது, இரண்டையும் என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். போனிலேயே ஆயிரம் விளையாட்டு வந்துவிட்ட காலத்தில், நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, கட்டம் கட்டமாகத் தெரிகிற ஒரு பொம்மைக்காரனைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்பார்கள். அதில் சத்திரக்காரி இருக்கிறாள். அவள் போன வருஷம் என்னை விட்டுவிட்டு வீதிக்குப் போய் நின்றாள், முப்பத்தெட்டு நாள் நின்றாள், அந்த முப்பத்தெட்டு நாளும் என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

என் பெயர் வசந்தாமணி. திருச்செங்கோட்டுக்கு மேற்கே தண்ணித்தொட்டி வீதியில் குடியிருக்கிறேன். எங்கள் வீதியில் பாதி வீட்டு ஆம்பளைகள் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் போகிறவர்கள். வண்டியோடு வடக்கே போய், வாயில் நுழையாத பேருள்ள ஊர்களில் எல்லாம் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கே மழை பிடித்து வேலை நின்ற பிறகுதான் வீடு திரும்புவார்கள். மீதிப் பாதி வீட்டில் ஆம்பளை பொம்பளை இரண்டு பேரும் தறி ஓட்டுகிறவர்கள். என் வீட்டுக்காரர் அர்த்தநாரி ரிக் வண்டிக்காரர். கல்யாணமான இரண்டாம் வருஷம் நாக்பூரில் ஒரு சந்தையில் இந்தப் பெட்டியை வாங்கி வந்து, தான் இல்லாத ஒன்பது மாதமும் எனக்குப் பொழுது போக வேண்டுமே என்று கையில் கொடுத்தார்.

விளையாட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. சிவப்புத் துண்டு போட்ட ஒருத்தன் ஏரிக்கரை ஊரிலிருந்து கத்தியோடு புறப்படுவான், காடும் குகையும் மணல்வெளியும் தாண்டி மலைக்கோட்டையில் இருக்கிற கருப்பு ராஜாவைப் போய்க் கொல்ல வேண்டும். வழியெல்லாம் ஊர்கள், ஊரெல்லாம் ஆட்கள். ஒருத்தர் கிட்டே போய்ப் பொத்தானை அமுக்கினால் அவர் நம் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார், அது கீழே கட்டம் போட்டு இங்கிலீஷில் ஓடும். எனக்கு இங்கிலீஷில் எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. மாமியார் காதில் விழக்கூடாது என்று டிவியின் சத்தத்தையும் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். ஆகவே குரலும் இல்லாமல் அர்த்தமும் இல்லாமல் நின்ற அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நானே அர்த்தம் போட்டு, நானே குரலும் கொடுத்தேன். கொல்லன் என் சித்தப்பா மாதிரிச் சலித்துக்கொள்வான், கோட்டைக் காவல்காரன் எங்கள் ரேஷன் கடை ஆள் மாதிரி நாளைக்கு வா என்பான்.

ஏரிக்கரை ஊரில் ஒரு சத்திரம் உண்டு. பச்சை முக்காடு போட்ட ஒருத்தி மேசைக்குப் பின்னால் நிற்பாள், பக்கத்தில் ஒரு கட்டில் கிடக்கும். கிட்டே போனால் அவள் ஒரு கேள்வி கேட்பாள், ஆமாம் இல்லை என்று இரண்டு பதில் வரும். ஆமாம் என்றால் திரை இருட்டாகும், ஆறே ஆறு சுரத்தில் ஒரு சின்னப் பாட்டு ஓடும், வெளிச்சம் வந்ததும் நம் ஆள் களைப்பெல்லாம் போய்ப் புத்தம் புதுசாக நிற்பான். கேசட்டில் கதையைச் சேர்த்துவைக்க மூன்று இடம் உண்டு. முதல் இடம் அவருடையது, இரண்டாவது என்னுடையது. ஊருக்கு வருகிற மாதங்களில் அவர் தன் கதையை எடுத்து ஆடுவார், ஒரு வௌவால் கடித்தால்கூட நேரே சத்திரத்துக்கு ஓடிப் படுத்துக்கொள்வார். நான் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. வீட்டு மருமகள் பகலில் முதுகைச் சாய்த்தால் மூதேவி வாசல் ஏறி வருவாள் என்பது என் மாமியாரின் கட்சி, நான் விளையாடுவதோ மாமியார் வீட்டை ஒட்டின தறிப்பட்டறைக்குப் போகிற மத்தியான நேரத்தில். திரையில் படுத்தாலும் படுத்ததுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆகவே சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்து, பச்சிலையை மென்று மென்றே காட்டைக் கடந்து, மாமியார் செத்துப் பதினோரு வருஷம் ஆன பிறகும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தேன், கருப்பு ராஜாவை ஒன்பது தடவை கொன்றும் விட்டேன்.

ஆனால் ஒவ்வொரு நாளும் சத்திரத்துக்குப் போவேன். போய் அவள் முன்னால் நிற்பேன். அவள் கேட்பாள். அந்த இங்கிலீஷுக்கு நான் போட்ட அர்த்தம் இதுதான்: "களைச்சுப் போயி வந்திருக்கறயே கண்ணு, சித்த படுத்துக்கறயா?" நான் இல்லை என்று அமுக்குவேன். அவள் சொல்வாள்: "செரி, வேலய முடிச்சுப்போட்டு வா. கட்டலு கெடக்கும்." அவ்வளவுதான், பெட்டியை அணைத்துவிட்டு மாவாட்டப் போய்விடுவேன். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்டவள் அவள் ஒருத்தி. அதுவும் என்னை மட்டும் கேட்டாள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்ட நேரத்தில், தொட்டிக்கு அடியில் பச்சை முக்காடு போட்ட ஒருத்தி நின்றாள், பக்கத்தில் ஒரு கயிற்றுக்கட்டில் கிடந்தது. முதலில் பார்த்தது எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்கா. விடிய விடியத் தறி ஓட்டிவிட்டுக் குடத்தோடு வந்தவள், குழாயை மறித்துக் கட்டில் போட்டிருக்கிறாளே என்று சண்டைக்குத்தான் போயிருக்கிறாள். முக்காட்டுக்காரி திரும்பி, களைச்சுப் போயி வந்திருக்கறயே கண்ணு, சித்த படுத்துக்கறயா என்று கேட்டாளாம். பாப்பாத்தியக்கா, நீ யார், எந்த ஊர், எந்த ஆபீசிலிருந்து வருகிறாய் என்று எதுவும் கேட்கவில்லை, குடத்தைக் கீழே வைத்தாள், படுத்தாள். ஆறு சுரம் ஒலித்தது. எந்திரி கண்ணு, விடிஞ்சிருச்சு என்றாள் அவள். மணி பத்தேகால், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது, ஆனால் பாப்பாத்தியக்கா பத்து வருஷக் களைப்பு இறங்கிய முகத்தோடு எழுந்து, விடிந்துவிட்டதே என்று வீட்டுக்கு ஓடி, வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பால் காய்ச்சினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீதியில் ஒன்பது தடவை விடிந்தது. மறுநாள் இருபது தடவை. வெயில் உச்சியில் நிற்கும்போது ஒரு வீட்டில் வாசல் தெளிப்பார்கள், நாலு மணிக்கு இன்னொரு வீட்டில் பல் துலக்குவார்கள், டீக்கடைக்காரர் எந்த நேரமும் யாருக்காவது விடிந்துகொண்டே இருக்கிறது என்று அடுப்பை அணைப்பதையே விட்டுவிட்டார். விடிந்தால் காலண்டரில் தாளைக் கிழிக்க வேண்டும் அல்லவா, கிழித்தார்கள். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தேதி ஓடியது, தறிக்காரர் ஒருவர் ஆனி முதல் வாரத்திலேயே ஆடிப்பதினெட்டுக் கொண்டாடி முளைப்பாரியோடு ஆற்றுக்குப் போய்விட்டு, அங்கே ஒருத்தரையும் காணாமல் திரும்பி வந்தார். கடைசியில் எங்கள் கவுன்சிலர் ரங்கநாயகி கூட்டம் போட்டு, சூரியன் உதிக்கிற விடியலுக்கு மட்டும்தான் தாள் கிழிக்க வேண்டும், கட்டிலில் விடிகிற விடியலை அவரவர் மனசோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு டோக்கன் என்பதும் அவர் ஏற்பாடுதான். மேலே நீலத் தார்ப்பாய் கட்டியதும் அவர்தான்.

அவள் யார் என்று யாரும் ரொம்பக் கவலைப்படவில்லை. அவள் சாப்பிடவில்லை, உட்காரவில்லை, நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பின்பக்கமாக வந்து தோளைத் தொட்டால் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். தண்ணீர் லாரி அவள்மேல் மோதாமல் சந்துமுனை வரை ரிவர்ஸிலேயே போகப் பழகிக்கொண்டது. மாரியம்மன் தேர் அவளைச் சுற்றிக்கொண்டு போனது, பூசாரி இறங்கி அவளுக்கும் திருநீறு பூசிவிட்டுத்தான் போனார். பெண்ணை மேட்டூரில் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா, மருமகளைத் திரும்ப அழைக்கலாமா என்று ஆளாளுக்கு அவளிடம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவள் சித்த படுத்துக்கறயா என்றுதான் சொன்னாள், படுத்து எழுந்த பிறகு பாதிப் பேருக்குக் கேள்வியே மறந்துபோனது.

நான் மட்டும் அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். முக்காட்டை வைத்து அல்ல, பச்சை முக்காடு யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த வார்த்தையை வைத்து. சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்து, மாமியாருக்குக் கேட்காமல், உதட்டுக்குள் இருபத்திநாலு வருஷம் நான் சொல்லிச் சொல்லி வைத்திருந்த வார்த்தை அது, கண்ணு என்று இழுக்கிற இழுப்புக்கூட என்னுடையது. அதை அவள் நடுவீதியில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, அப்பட்டமான பொறாமை. தினமும் மத்தியானம் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அரிசியும் முறமுமாக உட்கார்ந்து கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிக்கொண்டே, அவள் எத்தனை பேரைக் கண்ணு என்கிறாள் என்று எண்ணினேன். ஒரு நாளில் எழுபத்திரண்டு பேர். அதில் ஊரான் கோழியைப் பிடித்துத் தின்கிறவன் ஒருத்தன், மாமியாரைச் சோற்றுக்கு அழவிடுகிறவள் ஒருத்தி, சும்மா பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன். அவனும் கண்ணு! எண்ணி முடித்ததும் நான் எழுந்து போய் அவள் முன்னால் நிற்பேன். இருபத்திநாலு வருஷப் பழக்கம், முகத்தில் ஒரு அடையாளமாவது காட்டுவாள் என்று பார்ப்பேன். அவள் இன்சூரன்ஸ்காரனைப் பார்த்த அதே பார்வை பார்த்து அதே கேள்வியைக் கேட்பாள். நான் வேண்டாம் என்பேன். வேலய முடிச்சுப்போட்டு வா என்பாள். வேண்டாம் என்று சொல்ல டோக்கன் தேவையில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்கிறவள் வீதியில் நான் ஒருத்தியாகத்தான் இருந்தேன், அதனால் வசந்தாமணிக்கு ஏக கர்வம் என்று பேச்சாகிவிட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பாப்பாத்தியக்காவிடம் சொன்னேன். "அக்கா, அவ என்றவ. என்ற கேசட்டுல இருந்து எறங்கி வந்தவ."

"உன்றவளா இருந்தா உன்ற வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான புள்ள?" என்றாள் அவள்.

கூட்டிக்கொண்டு போகவும் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்தேன், இடுப்பைப் பிடித்துத் தள்ளினேன், கட்டிலை ஒரு பக்கம் தூக்கினேன். வீதியே குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. அவள் அரை விரல் அளவுகூட நகரவில்லை, நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, களைச்சுப் போயி வந்திருக்கறயே கண்ணு என்று ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்காகவே அன்று மத்தியானம் டிவியைத் தூக்கி வந்து வாசலில் வைத்தேன், பெட்டியை மாட்டினேன், கேசட்டை ஊதிச் சொருகினேன், வந்து பாருங்கள், அவள் எங்கே நின்றவள் என்று காட்டுகிறேன் என்று வீதியைக் கூப்பிட்டேன். நாமக்கல்லில் காலேஜ் படிக்கிற என் மகள் யாழினி லீவுக்கு வந்திருந்தாள், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரிக்கரை ஊர் வந்தது, சத்திரம் வந்தது, உள்ளே போனேன். மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை. கட்டிலும் இல்லை. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், என் சிவப்புத் துண்டுக்காரன் வெறும் மேசையைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தான். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு டோக்கன் வரிசைக்குத் திரும்பிப் போனார்கள். அவள் என்னிடமிருந்துதான் வந்தாள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் இருந்ததும் போய்விட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

யாழினிதான் அப்போது ஒன்று சொன்னாள். எட்டாம் வகுப்பிலேயே அவள் அந்த இங்கிலீஷைப் படித்துப் பார்த்திருக்கிறாள், என்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம். "அம்மா, அதுல கண்ணும் இல்ல, களைப்பும் இல்ல. ராத்திரிக்கு ஆறு காசு, தங்கறீங்களான்னுதான் இருக்கும். வேண்டாம்னா, செரி போயிட்டு வாங்கன்னு இருக்கும். அவ்வளவுதான்."

நான் திரையை அணைத்து ஒயரைச் சுற்றினேன். பெட்டிக்காரி ஆறு காசு கேட்கிறவள். அப்படியென்றால் குழாயடியில் நிற்கிறவள் பெட்டியிலிருந்து வந்தவளே இல்லை, முழுக்க முழுக்க என் வாயிலிருந்து வந்தவள். அது தெரிந்த பிறகு என் பொறாமை குறைந்திருக்க வேண்டும், யோசித்தால் நியாயம் அதுதான். ஆனால் இரண்டு மடங்கானது.

ஆனி பாதியில் வடக்கே மழை பிடித்து ரிக் வண்டிகள் திரும்பின. என் வீட்டுக்காரரும் வந்தார். இருபத்தைந்து வருஷம் ரிக் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவர், வலது காது போய்விட்டது, இடது காதில் கத்திச் சொன்னால் கேட்கும். தோள் இரண்டும் ஏதோ மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி எப்போதும் காதுவரை ஏறியிருக்கும். பையை வீட்டில் வைக்கக்கூட இல்லை. வீதிமுனையில் அவளைப் பார்த்ததும் நேரே போனார், எத்தனையோ தடவை படுத்த இடம்தானே என்கிற மாதிரிச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார், ஆறு சுரத்தில் எழுந்தார். காது பழையபடியேதான் இருந்தது, ஆனால் தோள் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு டோக்கன் தினமும் அவருக்குத்தான். வரிசையில் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும், தலை வாரிக்கொண்டு போய் நிற்பார்.

நாலாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வசந்தா, எனக்கு யாரு பேசறதும் சரியாக் கேக்கறதில்ல. அவ பேசறது மட்டும் சுத்தமாக் கேக்குது. உன்ற கொரலாட்டவே இருக்குது."

நான் ரசத்தை ஊற்றினேன்.

"ஆனா நீ ஒரு நாளும் எங்கிட்ட அப்படிக் கேட்டதில்லையே."

"நீங்க கேட்டீங்களா?" என்றேன்.

அவருடைய நல்ல காதுப் பக்கம்தான் நின்றிருந்தேன், கேட்டிருக்கும். அவர் சோற்றை முடித்து எழுந்துவிட்டார். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த மூன்று நாளும் நான் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டே யோசித்தேன். வீதியே படுக்கிற கட்டிலில் நான் ஏன் படுக்கவில்லை என்று பாப்பாத்தியக்கா கேட்டால் மாமியாரைச் சொல்லுவேன், மூதேவியைச் சொல்லுவேன். அதெல்லாம் பொய். எனக்குப் பயம். நான் போய்ப் படுத்து, ஆறு சுரம் ஓடி, எழுபத்திரண்டு பேரிடம் சொன்ன மாதிரியே என்னிடமும் எந்திரி கண்ணு, விடிஞ்சிருச்சு என்று அவள் சொல்லிவிட்டால், நான் எழுபத்திமூன்றாவது ஆளாகிவிடுவேன். படுக்காமல் இருக்கிறவரைக்கும் அது தெரியாது. தெரியாமல் இருக்கிறவரைக்கும் அவள் என்னவள்.

நாலாம் நாள் காலை மாவு வழிக்கப் போனபோது கிரைண்டர் மேல் டோக்கன் இருந்தது, இருபத்திமூன்றாம் நம்பர். அவர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். நான் டோக்கனைத் திருப்பி வைத்தேன், மறுபடி எடுத்தேன், மாவை வழித்தேன், கையைக் கழுவினேன், புடவையை மாற்றினேன்.

என் முறை வந்தபோது உச்சி வெயில். வரிசை டீக்கடை தாண்டி நின்றது, நான் டோக்கனோடு வந்திருக்கிறேன் என்று தெரிந்து இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவள் கேட்டாள். வேண்டாம் என்று என் நாக்கு பழக்கத்தில் புறப்பட்டதைப் பிடித்து நிறுத்தினேன்.

"ம்" என்றேன்.

பகலில், வீதியில், அத்தனை பேர் பார்க்க, நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்தேன். கயிறு லேசாகக் கிறீச்சிட்டது. தார்ப்பாயின் நீலம் தெரிந்தது, அதில் ஒரு ஓட்டை வழியாக வெயில் வந்து என் வயிற்றில் விழுந்தது. ஆறு சுரமும் ஒவ்வொன்றாகப் போனது, ஆறாவது முடிந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அந்தக் கட்டிலில் நாலு நாள் தூங்கினேன். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். இரண்டாம் நாள் டோக்கன் செல்லாமல் போனதற்கு ரங்கநாயகியிடம் சண்டை பிடித்தார்கள், ரங்கநாயகி என்னை எழுப்ப வந்தார், சத்திரக்காரியைத் தாண்டிக் கட்டிலைத் தொட யாராலும் முடியவில்லை. மூன்றாம் நாள் பாப்பாத்தியக்கா குழாயடியில் நின்று, எங்களுக்கெல்லாம் அரை நிமிஷம், இவளுக்கு மட்டும் நாலு நாளா, இவள் என்ன மகாராணியா என்று வாயில் வந்ததெல்லாம் பேசினாளாம். அந்த நாலு நாளும் சத்திரக்காரி ஒருத்தரிடமும் எதுவும் கேட்கவில்லை. யார் வந்து நின்றாலும் திரும்பவில்லை. ஒரு நாளும் உட்காராதவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் கையில் சோற்றுப் போசியோடு வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

ஐந்தாம் நாள் நானாகக் கண் விழித்தேன். கட்டில் இல்லை, அவள் இல்லை, குழாயடியின் வெறும் சிமெண்டுத் தரையில் கிடந்தேன், அவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீதி என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்ததைத் தூங்கியே தீர்த்துவிட்டாள் என்று ஏசுகிறார்கள், தறிக்காரர்களின் முகத்தில் பழைய களைப்பு திரும்ப ஏறிவிட்டதைப் பார்க்கையில் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். அவள் மேசைக்குப் பின்னால் நின்றாள், பக்கத்தில் கட்டிலும் கிடந்தது. இப்போதும் தினமும் போகிறேன், கேட்கிறாள், இல்லை என்று அமுக்குகிறேன். வேறு யாரையும் அமுக்க விடுவதில்லை.

ஒன்று மட்டும் பாப்பாத்தியக்காவுக்குத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. அன்று ஆறாவது சுரம் முடிந்ததும் நான் கண்ணைத் திறந்தேன், சத்திரக்காரி குனிந்து என் காதில் ஏதோ சொன்னாள், நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவும் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், என்ன சொன்னாள் என்பது ஒருத்தர் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்டுப் பார்த்தார், யாழினியும் கேட்டுப் பார்த்தாள். நான் சொல்லவில்லை, அது அவள் எனக்கு மட்டும் கொடுத்தது, நானே போட்டுக்கொண்ட அர்த்தங்களில் கூட இல்லாதது. அன்று கண்ணைத் திறந்தபோது தார்ப்பாய்க்கு வெளியே உச்சி வெயில் அடித்தது, வரிசையில் நின்ற அத்தனை முகமும் என்னையே பார்த்தது, நான்தான் முந்திக்கொண்டு, உதட்டுக்குள், விடிஞ்சிருச்சா என்று கேட்டேன்.

"இன்னும் விடியல கண்ணு," என்றாள். "நீ தூங்கு."